அவிராச்சன் தாண்டிப் படித்த வரி

நெடும்பாறைக்கு மேலே யானைக்காடாகக் கிடந்த சரிவைப் பதினாறு ஏக்கர் தோட்டமாக்கினவர் இட்டியவிரா. எங்கள் மலையில் அவிராச்சன் என்றால்தான் ஆளுக்குத் தெரியும். மூன்றாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனால் அவர் எல்லைக்கல்லை ஒரு சாண் நகர்த்த எந்தப் படித்தவனாலும் முடிந்ததில்லை. கீழ்நாட்டிலிருந்து மலையேறியபோது அவரிடம் இருந்தது ஒரு கோடாலி, ஒரு அலுமினியப் பானை, ஒரு வேதபுஸ்தகம், கல்யாணமாகி நாலு மாதமான ஏலி. அந்தப் புஸ்தகத்தைக் கொண்டுதான் எழுத்தை ஒழுங்காகக் கூட்டிப் படிக்கவே கற்றார். பரண் மேல் விளக்கை வைத்துக்கொண்டு, கீழே யானை மூங்கில் முறிக்கும் சத்தத்துக்கு நடுவே, ஆதியாகமத்தின் முதல் மூன்று அதிகாரத்தை மனப்பாடமாக்கினார். நாலாவது அதிகாரத்துக்குப் போக அவருக்கு அவசியம் வரவில்லை.

"தெய்வத்துக்கு ஆறு நாள். எனக்கு ஆறு வருஷம். அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார்.

கேட்கிறவன் சிரித்தால் விடமாட்டார், வருஷவாரியாகச் சொல்லிக் காட்டுவார். முதல் வருஷம் மரத்தைச் சாய்த்துத் தீயிட்டு, பிறந்த நாள்முதல் வெயில் காணாத மண்ணுக்கு வெளிச்சம் காட்டினார். இரண்டாம் வருஷம் மேலே இருந்த ஊற்றைப் பிரித்து வாய்க்கால் வெட்டினார். மூன்றாம் வருஷம் கப்பைக்கிழங்கும் இஞ்சிப்புல்லும் முளைத்தது. நாலாம் வருஷம் சந்தையிலிருந்து பெட்ரோமாக்ஸ் வாங்கி வந்து கழியில் கட்டினார், அந்த மலைக்கு அதுதான் சூரியனும் சந்திரனும். ஐந்தாம் வருஷம் குளம் தோண்டி மீன் விட்டார், கோழி அடை வைத்தார். ஆறாம் வருஷம் பசு வந்தது. அந்த வருஷக் கடைசியில், இரண்டு பிள்ளைகளை மலேரியாவுக்குக் கொடுத்த பிறகு, ஏலி ஒரு ஆண் குழந்தையைப் பெற்றாள். அதற்கு லூக்கோஸ் என்று பெயர். ஏழாம் வருஷம் ஓடு வேய்ந்த வீட்டின் முன்னால் சாய்வு நாற்காலி போட்டுப் படுத்து எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தார். நன்றாக இருந்தது.

இந்தக் கணக்கில் பத்ரோஸ் வரமாட்டான்.

இரண்டு பேர் இழுக்கிற ரம்பத்தில் ஒரு முனையை அவிராச்சன் பிடித்தால் மறுமுனை தானாக ஆடாது. அந்த மறுமுனை ஆறு வருஷமும் பத்ரோஸ் கையில்தான் இருந்தது. பத்ரோஸின் தாத்தா காலத்தில் வெள்ளைக்காரப் பாதிரியிடம் ஞானஸ்நானம் வாங்கின சனம். மார் தோமாவின் கையாலேயே தலையில் தண்ணீர் விழுந்தது என்று சொல்லிக்கொள்ளும் எங்கள் குடும்பங்கள் அவர்களைப் புதுக் கிறிஸ்தவன் என்போம், மூன்று தலைமுறை ஆனாலும் புதுசுதான். கோவிலில் அவர்களுக்குக் கடைசி வரிசை. அவிராச்சன் வீட்டில் பத்ரோஸுக்குச் சோறு அடுக்களைக்குப் பின்னால் முற்றத்தில், வாழையிலையில். ஒரு தடவை அவிராச்சனுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டு நினைவு தப்பியபோது, பத்ரோஸ் அவரை முதுகில் கட்டிப் பதினோரு மைல் இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அந்தக் கதையையும் அவிராச்சன் சொல்வார். தன் உடம்பு எப்பேர்ப்பட்ட உடம்பு, எமனையே திருப்பி அனுப்பிய உடம்பு என்று காட்டுவதற்காகச் சொல்வார்.

பத்ரோஸுக்கு ஒரே மகள், ராகேல். பத்தாம் கிளாஸ் பாஸாகி பால் சொசைட்டியில் அளந்து எழுதும் வேலையில் இருந்தாள். தினம் காலையில் பால் கொண்டுபோனது லூக்கோஸ். நெடும்பாறையில் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் அவிராச்சனுக்குத் தெரிந்தது. பெரிய மனுஷர்களுக்கு வீட்டுச் சங்கதி அப்படித்தான் வந்து சேரும். அதற்குள் கீழூர்க் கோவிலில் தாலி கட்டியாகிவிட்டது.

வைகாசி நடுவில் இறங்கும் இடவப்பாதி மழை பிடித்த அன்று சாயங்காலம் இரண்டு பேரும் படியேறி வந்தார்கள். பின்னால் ஓலைக்குடையோடு பத்ரோஸ். அவிராச்சன் வாசற்படியில் வெட்டுக்கத்தியோடு நின்றார். வெட்டுவதற்கு அல்ல. ஏதேனின் வாசலில் சுழல்கிற வாளோடு காவல் நின்ற தேவதூதன் அப்போது அவர் கண்ணில் தெரிந்தது. அதற்குச் சமமான ஒன்று தன் கையிலும் வேண்டும் என்று தோன்றியது.

"தன் கையால படைச்ச ஆதாமையே தெய்வம் வெளிய தள்ளுச்சு. நான் தள்ளினா எவன் என்னைக் கேக்குறது?" என்றார்.

லூக்கோஸ் தலையிலிருந்து தண்ணீர் வடிய நின்றான். ஏலி உள்ளேயிருந்து ஒரு கம்பளியும் அவனுடைய தகரப் பெட்டியும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவிராச்சன் காலால் பெட்டியைத் தடுத்தார், கம்பளியைப் பிடுங்கி உள்ளே எறிந்தார். பத்ரோஸைப் பார்த்து, உன் வேலையும் இன்றோடு தீர்ந்தது என்றார். பத்ரோஸ் போகும்போது திரும்பி, "மொதலாளி, மேல் வாய்க்கால்ல மரம் விழுந்து அடைச்சிருக்கு. நாளைக்கே எடுத்துவிடணும், இல்லேன்னா நாத்து அழுகிடும்" என்றான். அவ்வளவுதான்.

இதோடு நின்றிருந்தால் ஊரில் நாலு வீட்டில் நடக்கிற சண்டை போலப் போயிருக்கும். அப்பன் கத்தியெடுப்பதும் அடுத்த கிறிஸ்துமஸுக்குக் குழந்தையோடு மகன் வந்து காலில் விழுவதும் எங்கள் மலைக்குப் புதிதல்ல. ஆனால் அவிராச்சன் அடுத்த பெசகாவுக்கு ஒரு காரியம் செய்தார்.

ஈஸ்டருக்கு முந்தின பெசகா வியாழனன்று சாயங்காலம் எங்கள் வீடுகளில் புளிப்பில்லாத அப்பம் அவிப்போம். முந்தின ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கொடுத்த குருத்தோலையைக் குருசாக்கி அதன் மேல் வைப்போம். வீட்டுப் பெரியவர் ஜெபம் சொல்லி, பிட்டு, வயசு வரிசையில் கொடுப்பார். அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் மட்டும் அடுப்பு மூட்டமாட்டார்கள். அக்கம்பக்கத்தார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

அன்று காலை ஏலி அரிசி ஊறப்போட்டிருந்தாள். அவிராச்சன் அடுக்களைக்கு வந்து, "இந்த வருஷம் இங்க அப்பம் இல்ல. இது சாவு வீடு" என்றார். ஏலி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஊறின அரிசியைத் தூக்கிக் கோழிக்குக் கொட்டினாள்.

புகை வராத புகைபோக்கியைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் கப்பியார் தொம்மி ஏறி வந்தான். கோவிலைக் கூட்டித் துடைப்பதும் விளக்கேற்றுவதும் சாவுக்கு மணியடிப்பதும் அவன் வேலை. கையில் தன் வீட்டு அப்பம் ஒரு துண்டு இலையில் இருந்தது.

"இந்தக் கோவில் இடவகையில நான் மணியடிக்காம ஒருத்தரும் சாக முடியாதே அவிராச்சா. எனக்குத் தெரியாம செத்தது யாரு?"

"லூக்கோஸ்."

தொம்மி முதலில் சிரித்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். "உசிரோட சுத்துறவனுக்கு இழவு அப்பம் கொடுத்த பாவம் எனக்கு வேண்டாம்" என்று சொல்லி இலையை மறுபடி சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

லூக்கோஸ் அப்போது கீழூரில்தான் கூலி வேலையில் இருந்தான். ஈஸ்டர் கழிந்த ஞாயிறு ராகேலையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவதாகத் தொம்மியிடம் சொல்லியும் வைத்திருந்தானாம். அப்பச் செய்தி வியாழக்கிழமையே கீழூருக்குப் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை அவன் இரண்டு ஆட்டை விற்றுவிட்டு, ராகேலையும் பத்ரோஸையும் கூட்டிக்கொண்டு வயநாட்டுக்குப் பஸ் ஏறினான். கத்தியை மன்னித்திருப்பான், அப்பத்தை மன்னிக்கவில்லை. இதையெல்லாம் தொம்மி பல வருஷம் கழித்துத்தான் சொன்னான்.

அதற்கு மறுவருஷம் முதல் அவிராச்சன் வீட்டில் அப்பம் முறையாக வெந்தது. மிளகு விலை ஏறியது. ஜீப் வந்தது. கோவிலில் முதல் வரிசையில் அவருக்கென்று ஓர் இடம் ஆனது. பழைய பெருமையையும் விடவில்லை, புதிதாக வந்த ஆசிரியருக்கும் வங்கி ஆளுக்கும் ஆறு வருஷக் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆறாம் வருஷத்துக்கு வரும்போது மட்டும் பசுவோடு நிறுத்திக்கொள்வார். ஏலி அந்தப் பெயரைச் சொல்லவில்லை, சொல்லச் சொல்லிக் கேட்கவுமில்லை. பதின்மூன்று வருஷம் அப்படிப் போயிற்று.

பதின்மூன்றாம் வருஷ நோன்பில் ஏலிக்கு நெஞ்சில் நீர் கோத்தது. இருதயம் பெருத்துவிட்டது, நாள் எண்ணலாம் என்று டாக்டர் அவிராச்சனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். பெசகா அன்று அவளால் மாவு பிசைய முடியவில்லை. தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடி, "எனக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. கண்ணு மூடுறதுக்குள்ள அவனை ஒருதரம் பாக்கணும்" என்றாள். பதின்மூன்று வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். ஆள் அனுப்புகிறேன் என்றார் அவிராச்சன். ஆள் அனுப்பினால் வரமாட்டான் என்றாள் ஏலி. தானே போவது என்பது அவர் நினைப்புக்குள்ளேயே வராத காரியம். போய் என்ன சொல்வது?

ஈஸ்டருக்கு முதல் நாள், பெரிய சனிக்கிழமை காலை கோவிலில் புதிதாக வந்த இளம் அச்சன் பிரசங்கம் செய்தார். சிருஷ்டிப்புக் கதையை எடுத்தார் என்றதும் அவிராச்சன் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அவருடைய சொந்த நிலம். அச்சன் போன போக்கு வேறாக இருந்தது. ஆறு நாள் வேலை முடித்து ஏழாம் நாள் ஓய்ந்த அதே கர்த்தர்தான் வெள்ளிக்கிழமை வேலை முடித்துச் சனிக்கிழமை கல்லறையில் ஓய்ந்தார் என்றார். ஆனால் அது தூக்கமில்லை. சாயங்காலக் காற்றில் தோட்டத்தில் நடந்து, நீ எங்கே இருக்கிறாய் என்று ஆதாமைக் கேட்டாரே, அந்தக் கேள்வி அதிகாரி கேட்கிற கேள்வியில்லை, பிள்ளையைக் காணாத தகப்பன் போடுகிற சத்தம். ஆதாம் பதில் சொன்ன பிறகும் அவர் தேடுவதை விடவில்லை. தோட்டத்துக்கு வெளியே வந்து, ஊருக்கு வெளியே குருசில் தொங்கி, கடைசியில் செத்தவர்கள் கிடக்கிற குழிக்குள் இறங்கி ஆதாமைக் கைபிடித்து எழுப்பினது இந்தச் சனிக்கிழமைதான். "வாசலைச் சாத்தினதோட கதை முடிஞ்சதுன்னு நினைக்கிறவங்க, முதல் மூணு அதிகாரத்தோட புஸ்தகத்தை மூடினவங்க" என்றார் அச்சன்.

பின்வரிசையில் தொம்மி இருமினான். அது வேண்டுமென்று இருமின இருமல்தான் என்று அவிராச்சனுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. பால் குடிக்கிற வயசில் ஒரு அச்சனை அனுப்பியிருக்கிறார்கள், தனக்கு ஆதியாகமம் சொல்லித்தர வந்துவிட்டான் என்று ஏலியின் கட்டிலருகே நின்று பொருமினார். ஏலி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு விட நிறுத்தியபோது சொன்னாள்.

"வேர்வை சிந்திச் சாப்பிடுவாய்னு தெய்வம் சொன்னதுக்கும், வாளை வச்சுக் காவல் போட்டதுக்கும் நடுவுல ஒரு வரி இருக்கு. நம்ம வீட்டு ஜெபத்துல நீங்க அதை ஒரு நாளும் வாசிச்சதில்ல."

"மூணு அதிகாரமும் எனக்குத் தலைகீழா வரும்டி."

"தலைகீழா வரும். அந்த வரி வராது. எடுத்துப் பாருங்க."

எடுத்தார். பரண் காலத்துப் புஸ்தகம், ஓரமெல்லாம் புகையும் எண்ணெயும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்து வரிவரியாக வந்தார். இருந்தது. வெளியே அனுப்புவதற்கு முன்னால் தேவன் ஆதாமுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் தோலினால் உடுப்பு செய்து, தாமே உடுத்திவிட்டார் என்று இருந்தது. அவருடைய விரல் நாற்பது வருஷமாக அந்த வரிமேல் போய்வந்திருக்கும். கண் மட்டும் எப்படியோ தாண்டிப் போயிருக்கிறது.

ஏலி மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "தள்ளினப்பவும் தெய்வம் குளிருமேன்னு நெனச்சுச்சு. மழையில நின்ன புள்ளைக்கு ஒரு கம்பளி கொடுக்க நீங்க விடல. அந்தக் கதையில உங்களை நீங்க தெய்வம்னு வச்சுக்கிட்டீங்க. நீங்க ஆதாமுங்க. நாம எல்லாரும் ஆதாம்தான். உங்களையும் யாராவது தேடி வந்தாத்தான் உண்டு."

அவிராச்சன் புஸ்தகத்தை மூடவில்லை. அப்படியே ஜன்னலில் வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். பக்கத்து வீட்டுப் பெண்ணை ஏலிக்குத் துணை வைத்தார். ஜீப்பில் கீழே இறங்கி மத்தியானம் வடக்கே போகும் பஸ்ஸில் ஏறினார். தொம்மியிடம் வாங்கின ஊர்ப்பெயர் மட்டும் கையில் ஒரு துண்டுக் காகிதத்தில்.

வழியெல்லாம் அவர் ஒரு வாக்கியத்தைப் பழகிக்கொண்டே போனார். நான் செய்தது தப்பு. மூன்றே மூன்று வார்த்தை. காட்டையும் யானையையும் சமாளித்த அவருடைய நாக்குக்கு அந்த மூன்றும் பழக்கமில்லை. நீயும் கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்று ஒரு வால் சேர்ந்துகொள்ளும். அதை வெட்டினால், அந்தக் காலம் அப்படி என்று வேறொரு வால் முளைக்கும். மலைப்பாதை வளைவுகளில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாலை வெட்டி வெட்டிப் பார்த்தார். விடியும்போது ஒருவழியாக மூன்று வார்த்தை தனியாக நின்றது. ஐம்பது நோன்பு முடிந்த ஈஸ்டர் காலை, பஸ் நின்ற கடையில் எல்லோரும் இறைச்சியும் அப்பமும் தின்று நோன்பை முடிக்க, அவர் பால் விடாத கட்டன் சாயா குடித்துவிட்டு ஏறிக்கொண்டார். மகன் வீட்டில் நோன்பை முடிக்கலாம் என்று ஒரு எண்ணம்.

லூக்கோஸின் வீடு காப்பிச் செடிகளுக்கு நடுவே சின்ன ஓட்டு வீடு. வாசலில் முதலில் வந்தவள் ராகேல். தலையில் இரண்டு நரை. ஆளைத் தெரிந்துகொண்டது கண்ணில் தெரிந்தது. சிரிக்கவுமில்லை, சுளிக்கவுமில்லை. "வாங்க" என்றாள். பிறகு உள்ளே திரும்பி, "இங்க வந்து பாருங்க" என்றாள்.

லூக்கோஸ் பின்பக்கத்திலிருந்து ஈரக் கையோடு வந்தான். அப்பனைப் பார்த்தான். பத்துப் பதினோரு வயசுப் பெண் ஒருத்தி அவன் இடுப்பை ஒட்டி நின்று, "யாரு அப்பா இது?" என்று கேட்டாள்.

"நாட்டுலேருந்து வந்திருக்கார் மோளே. பழைய ஊர்க்காரர்."

வேறு நாளாயிருந்தால் அவிராச்சன் மார் தோமாவிலிருந்து தொடங்கித் தான் யார் என்று சொல்லியிருப்பார். அன்று காலைப் பூசையில் உலகம் முழுக்க வாசித்த கதையில், உயிர்த்தெழுந்தவரைத் தோட்டக்காரன் என்று நினைத்தாள் கல்லறையில் அழுதுகொண்டு நின்ற மகதலேனா. நான் யாரென்று தெரியவில்லையா என்று அவர் சண்டைக்குப் போகவில்லை. அவிராச்சனுக்கு அது ஞாபகம் வந்ததோ என்னவோ. பேசாமல் காலைக் கழுவினார்.

ராகேல் மேஜையில் தட்டு வைத்தாள். வீட்டுக்காரர்கள் சாப்பிடுகிற அதே மேஜை, அதே மாதிரித் தட்டு. கள் விட்டுப் புளித்த கள்ளப்பமும் கோழிக்கறியும். வாயில் வைக்கப் போனவர் சுற்றிப் பார்த்துவிட்டு, பத்ரோஸ் எங்கே என்று கேட்டார்.

"அப்பன் போய் ரெண்டு வருஷமாச்சு" என்றாள் ராகேல், குழம்புப் பாத்திரத்தைப் பார்த்தபடி. "அந்த வருஷம் இந்த வீட்டுலயும் பெசகா அப்பம் அவிக்கலை. அது நெசச் சாவு."

அவிராச்சன் கையிலிருந்ததைத் தட்டில் வைத்தார். வழியெல்லாம் பழகின வாக்கியம் தொண்டை வரை வந்தது. அதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் ஒருவனுக்கு வாய்க்காது. அவர் வாயைத் திறந்தார். "மேல் வாய்க்கால் இப்பவும் அடிக்கடி அடைச்சுக்குது" என்றார்.

ராகேல் இன்னொரு அப்பம் எடுத்து வைத்தாள்.

பிறகு ஏலியின் நிலையைச் சொன்னார். லூக்கோஸ் அம்மச்சிக்காக வருகிறேன் என்றான். ஆனால் ராகேல் அந்த வீட்டில் பின்வாசல் வழியாக நுழையமாட்டாள், அது நடக்காது என்றான். முன்வாசல்தான் என்று அவிராச்சன் சொல்லி முடிப்பதற்குள் ராகேல் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மச்சிக்கு மூச்சு முட்டுதுங்கிறார். நீங்க வாசலைப் பத்திப் பேசிட்டிருக்கீங்க. துணியை எடுத்து வைங்க."

செவ்வாய்க்கிழமை நாலு பேரும் நெடும்பாறையில் ஜீப்பை விட்டு இறங்கினார்கள். லூக்கோஸ் கட்டிலருகே மண்டியிட்டான். ஏலி கையை எடுத்து அவன் சட்டைக் காலரைத் தொட்டாள், தோளைத் தடவினாள். "நனைஞ்சிருக்கியா மோனே?" என்று கேட்டாள். மேடமாதத்துச் சித்திரை வெயில் ஓட்டைப் பிளந்துகொண்டிருந்தது. "இல்ல அம்மச்சி, காஞ்சுபோச்சு" என்றான் அவன். அவிராச்சன் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு ஏலி ஒன்பது நாள் இருந்தாள். ராகேல்தான் வென்னீர் வைத்துத் துடைத்தாள், கஞ்சி ஊட்டினாள், தலை பின்னிவிட்டாள். பத்ரோஸ் ஒரு நாளும் காலடி வைக்காத அடுக்களையில் அவன் மகள் அடுப்பு மூட்டி ஊதுகிற சத்தத்தைக் கேட்டபடி அவிராச்சன் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். இன்று சொல்லலாம் என்று எழுவார். அவள் தண்ணீர் கொண்டுபோவாள், அல்லது குழந்தை குறுக்கே வரும், அல்லது யாராவது நோயாளியைப் பார்க்க வருவார்கள். ஒரு சொல்லைச் சொல்லாமலிருக்க மனுஷனுக்குக் காரணமா கிடைக்காது. சொல்லியிருந்தால் ஏலி கேட்டிருப்பாள். அவள் காதுபடச் சொல்லியிருக்க வேண்டியது அது. ஒன்பது நாளும் அந்த வீட்டில் நாலு சுவருக்குள்தான் அவள் கிடந்தாள், கதவும் திறந்தே இருந்தது. பத்தாம் நாள் காலை தொம்மி மணியடித்தான். சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கப் போயிற்று.

ஏழாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் லூக்கோஸ் புறப்பட்டான். அதற்கு முந்தின சாயங்காலம் அவிராச்சன் அவனைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், இந்தப் பதினாறு ஏக்கரும் உனக்குத்தான், எழுதி வைக்கிறேன் என்றார். தன் வாழ்நாளில் யாரிடமும் அவ்வளவு பெரிய காரியத்தை அவர் சொன்னதில்லை. லூக்கோஸ் மேலே ஊற்றுப் பக்கம் பார்த்தான். "இதுல பாதிக் காட்டை வெட்டினவர் பேரை நீங்க யார்கிட்டயும் சொன்னதில்ல அப்பச்சா. எனக்கு மண்ணு வேண்டாம்" என்றான். சத்தம் உயர்த்திச் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, தனியா இங்க இருந்து என்ன பண்ணப்போறீங்க, எங்களோட வந்துடுங்க, ராகேல்தான் சொல்லச் சொன்னா என்றான்.

மறுநாள் காலை ஜீப் வந்து நின்றபோது அவிராச்சனை வீட்டில் காணவில்லை. லூக்கோஸ் தொழுவத்தில் பார்த்தான், மிளகு காயப்போடும் களத்தில் பார்த்தான். "அப்பச்சா, எங்க இருக்கீங்க?" என்று கூப்பிட்டான். பெண் குழந்தையும் சேர்ந்து கூப்பிட்டது. அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று யாரும் சொல்லிக்கொடுக்காததால் ஐயா, ஐயா என்று கூப்பிட்டது. ஜீப்காரன் இரண்டு தடவை ஹார்ன் அடித்தான்.

அவர் முப்பதடி தூரத்தில் முருக்கமரத்தில் படர்ந்த மிளகுக் கொடிக்குப் பின்னால் நின்றிருந்தார். வரமாட்டேன் என்று அல்ல. வந்தால் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் ஜீப்பில் ஏறி அந்தப் பெண்ணின் கையால் இன்னும் எத்தனை நாள் சோறு தின்பது? முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது. அறுபத்தெட்டு வயசில், தானே நட்ட கொடிக்குள் இலையோடு இலையாக ஒண்டிக்கொண்டு, தன்னைக் கூப்பிடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். ஜீப் போகிற சத்தம் வளைவில் திரும்பி மங்கியது. அப்போது வெளியே வந்தார்.

ஐந்து மாதம் கழித்து, கன்னி மாதம் அவர் மறுபடி வயநாட்டுக்குப் போனார், கூப்பிடாமல். தோட்டத்தைத் தொம்மியின் மருமகனிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரு பையோடு போனார். லூக்கோஸ் வீட்டில் இல்லை. ராகேல் அடுக்களையில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். வாசற்படியைத் தாண்டி அடுக்களை வரைக்கும் நேரே போய், பை தோளிலிருக்கவே சொன்னார்.

"நான் செஞ்சது தப்பு மோளே. உனக்கும் உங்கப்பனுக்கும்."

வால் எதுவும் சேரவில்லை. ராகேல் பானையை நிமிர்த்தி வைத்தாள். "பையை இறக்கி வச்சுட்டு உக்காருங்க. கஞ்சி ஆறுது" என்றாள்.

சாயங்காலம் லூக்கோஸிடமும் அதையே சொன்னார். அவன் தலையாட்டினான். அன்றுமுதல் அவர் அங்கேதான் இருக்கிறார். காப்பிக்குக் களை எடுக்கிறார், பேத்தி இன்னும் ஐயா என்றுதான் கூப்பிடுகிறாள், திருத்துவதில்லை. யாராவது பழைய மலைக்கதை கேட்டால், நானும் பத்ரோஸும் என்றுதான் தொடங்குகிறார்.

சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகாத வாக்கியம் அது. அதைக் கேட்டிருக்க வேண்டிய இரண்டு பேரில் ஒருத்தி நெடும்பாறைக் கல்லறையிலும், ஒருத்தர் அங்கே காப்பிக் காட்டுக்கு அந்தப்புறம் கோவில் மண்ணிலும் படுத்திருக்கிறார்கள். ஞாயிறுதோறும் பூசை முடிந்து பத்ரோஸின் குழியருகே போய் நிற்கிறார் அவிராச்சன். செத்தவர்கள் இருக்கிற இடத்துக்கே இறங்கிப் போய்ப் பேச ஆண்டவரால் முடிந்தது. இவரால் மேலே நின்று மண்ணைப் பார்க்கத்தான் முடிகிறது.